உறையும் இரத்தமும் உறையாத இரத்தமும்



குழந்தைகள் வார்டில் நாங்கள் படுக்கை படுக்கையாகச் சென்று விசாரித்து வந்தபோது, ஒரு பாட்டி எங்களை நிறுத்தி, "ஐயா, இது யார் செய்த பாவம்?" என்று கேட்டார். அவருடைய பேரனுக்கு 7 வயது. பால்பல் விழுந்த இடத்தில் இரண்டு நாட்களாக இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் அவன் முழங்கால் வீங்கியபோது, சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். வீக்கம் இன்னும் பெரிதாகிவிட்டது. "எங்கள் வம்சத்தில் இப்படி யாருக்கும் கிடையாது" என்றார் பாட்டி. கட்டிலின் மறுபக்கம் நின்ற தாய் தலை குனிந்துகொண்டார். அந்த வார்த்தை யாரைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

பரிசோதனையில் ஹீமோபிலியா என்று தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்கு மருத்துவர்கள் பொறுமையாக விளக்கிச் சொன்னதை, நம் வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

இரத்தம் எப்படி உறைகிறது?

மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தால் ஊரார் என்ன செய்கிறார்கள்? முதலில் தண்ணீர் வரத்தைக் குறைக்கிறார்கள். பின்பு மண் மூட்டைகளைப் போட்டு உடைப்பை அடைக்கிறார்கள். கடைசியில் மூட்டைகள் அடித்துச் செல்லப்படாதபடி உறுதியாகக் கட்டுகிறார்கள். நம் உடலும் ஏறக்குறைய இப்படியே செய்கிறது.

காயம்பட்டவுடன் இரத்தக்குழாய் சுருங்குகிறது. அடுத்து, தட்டணுக்கள் எனப்படும் மிகச் சிறிய அணுக்கள் ஓடிவந்து காயத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இவையே மண் மூட்டைகள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்கும். மூன்றாவதாக, பைப்ரின் என்னும் நுண்ணிய இழைகள் வலைபோல் பின்னி அடைப்பை உறுதிப்படுத்துகின்றன.

இந்த வலை உருவாவதற்கு இரத்தத்தில் உள்ள உறைகாரணிகள் என்னும் புரதங்கள் தேவை. மருத்துவர்கள் இவற்றுக்கு 1 முதல் 13 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். கட்டட வேலையில் சாந்துச் சட்டியை வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுப்பதுபோல, ஒரு காரணி அடுத்ததை எழுப்பிவிடுகிறது. வரிசையில் ஒருவர் இல்லாவிட்டால் சட்டி அங்கேயே நின்றுவிடும். 8ஆம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ. 9ஆம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா பி.

இரண்டாவது வகைக்குக் கிறிஸ்மஸ் நோய் என்றும் பெயர் உண்டு. இது பண்டிகையால் வந்த பெயர் அல்ல. 1952ஆம் ஆண்டு இந்நோயைத் தனியாகப் பிரித்தறிந்தபோது, பரிசோதிக்கப்பட்ட சிறுவனின் பெயர் ஸ்டீபன் கிறிஸ்மஸ். அவர் பிற்காலத்தில் ஏற்றிக்கொண்ட இரத்தத்தின் மூலம் எய்ட்ஸ் கிருமி தொற்றி, 1993இல் இறந்தார். பரிசோதிக்கப்பட்ட, பாதுகாப்பான இரத்தம் எவ்வளவு அவசியம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

யாருடைய குற்றமும் அல்ல

ஹீமோபிலியா ஏ பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. குறை இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால், ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது பெரும்பாலும் ஈடுகொடுத்துவிடும். ஆணுக்கு ஒன்றே உண்டு. ஆகவே குறையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. தாய் உண்டதாலோ, நடந்ததாலோ, நினைத்ததாலோ வந்ததல்ல.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இந்தப் பாட்டி கேட்ட கேள்வியையே கேட்டார்கள். இயேசு அவன்மேலும் குற்றம் சுமத்தவில்லை, அவனைப் பெற்றவர்கள்மேலும் சுமத்தவில்லை. நாங்கள் பாட்டிக்குச் சொன்ன பதில் அவ்வளவுதான். மருத்துவர் மீதியைச் சொன்னார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஹீமோபிலியா உள்ளவருக்கு இரத்தம் வேகமாக ஓடாது. நீண்ட நேரம் நிற்காமல் கசியும். வெளியே தெரியும் சிறு கீறலைவிட, மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் தலைக்குள்ளும் கசிவதே ஆபத்து. மூட்டில் மீண்டும் மீண்டும் கசிந்தால் கால் முடங்கிப்போகும். ஆகவே வீங்கிய மூட்டை நீவவே கூடாது. அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. தசையில் ஊசி போடுவதற்கு முன்பும், பல் பிடுங்குவதற்கு முன்பும் நோயைச் சொல்லிவிட வேண்டும்.

குறைந்த காரணியை ஊசி மூலம் ஏற்றுவதே முக்கிய சிகிச்சை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 5 பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து, கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024இல் அறிவித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் கிடைக்க இன்னும் காலம் செல்லும். ஆனாலும் தாய்மாருக்கு இது நல்ல செய்தி.

பெண்களுக்கும் இரத்தம் உறைவதில் குறை வரும். வான் வில்லிபிராண்ட் நோய் ஆண், பெண் இருபாலரையும் தாக்குகிறது. 1926இல் இதை விவரித்தவர் பின்லாந்து நாட்டு மருத்துவர். அவர் ஆராய்ந்த சிறுமி பிற்பாடு மாதவிடாய் இரத்தப்போக்கினாலேயே இறந்துபோனாள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு மாதந்தோறும் ஏழு நாளுக்கு மேல் அதிகமாகப் போகிறதென்றால், வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

டெங்கு காய்ச்சலில் தட்டணுக்கள் குறைவது பலரும் அறிந்ததே. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரின், புரூபென் வேண்டாம். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கறுத்த மலம் இவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் வர வேண்டும்.

தேவையற்ற இடத்தில் உறைந்தால்

இரத்தம் உறையாமல் இருப்பது ஒரு துன்பம் என்றால், வேண்டாத இடத்தில் உறைவது மற்றொரு துன்பம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும், பிரசவத்தையொட்டியும், நெடுநாள் படுக்கையில் கிடக்கும்போதும் கால் நரம்பில் கட்டி உண்டாகலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ காத்திருக்கக் கூடாது. செயற்கை இருதய வால்வு பொருத்தியவர்கள் கட்டி உண்டாகாதிருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்கள் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கீரை சாப்பிடும் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவரைக் கேட்காமல் வேறு மருந்தும் சாப்பிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

ஒருவர் கொடுக்கும் இரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரித்துப் பலருக்குக் கொடுக்கிறார்கள். தட்டணுக்களை 5 நாட்களுக்கு மேல் பொதுவாக வைத்திருக்க முடியாது. ஆகவே ஒரே நாளில் ஐம்பது பேர் கொடுப்பதைவிட, வாரந்தோறும் சிலர் கொடுப்பது அதிகப் பிரயோஜனமாயிருக்கும். 18 வயது முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

அந்தச் சிறுவனுக்கு ஊசி மூலம் காரணி ஏற்றியபின் இரத்தம் நின்றது. வீட்டுக்குப் புறப்படும் நாளில் பாட்டி எங்களிடம், "இனி காலை நீவ மாட்டேன் ஐயா" என்றார். பிறகு மருமகளைக் காட்டி, "இவளையும் ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்றார். பையைத் தூக்கிக்கொண்ட தாய் அன்றுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.