தேன் எப்போது தென் ஆகிறது?

ஈரோடு பக்கம் வீட்டிலேயே சோப்பும் சீயக்காய்த் தூளும் செய்து, மலைத்தேனும் வாங்கிப் புட்டியில் அடைத்து விற்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். "லேபிளில் பொருளின் பெயருக்கு எந்த எழுத்துரு போட்டால் விற்பனை கூடும்? வளைந்த எழுத்து நம்பிக்கை தரும், கையெழுத்து மாதிரி இருந்தால் 'இயற்கை' என்று மூளை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா?"

அந்த வகுப்பில் சொன்ன அளவுக்குக் கிடையாது. எழுத்துருவுக்குக் குணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை எழுத்தில் பூச்சிமருந்தின் பெயரை அச்சிட்டால் யாருக்கும் உறுத்தும். ஆனால் அந்த உறுத்தல் பழக்கத்தில் வருவது. ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. 'இந்த வளைவு, இந்த உணர்ச்சி' என்று அட்டவணை போட்டு விற்பவர்களிடம் எச்சரிக்கையாகவே இருங்கள். 2018இல் மெல்போர்னிலுள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் 'சான்ஸ் ஃபர்கெட்டிகா' என்று ஓர் எழுத்துருவை வெளியிட்டது. பின்புறம் சாய்ந்து, நடுநடுவே அறுபட்ட எழுத்துகள். படிக்கச் சிரமமாக இருப்பதால் படித்தது மனதில் நன்றாகத் தங்கும் என்றார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. இரண்டே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் சோதித்தபோது, நினைவாற்றலுக்கு அதனால் ஒரு பயனும் தெரியவில்லை. அந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை.

லேபிளுக்கு உதவும் ஆய்வு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹ்யுன்ஜின் சாங், நார்பர்ட் ஷ்வார்ஸ் இருவரும் ஓர் உடற்பயிற்சிக் குறிப்பை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குத் தெளிவான ஏரியல் எழுத்தில், சிலருக்குத் தூரிகையால் எழுதியது போன்ற எழுத்தில். தெளிவான எழுத்தில் படித்தவர்கள் பயிற்சிக்குச் சுமார் 8 நிமிடம் ஆகும் என்றார்கள். மற்றவர்கள் 15 நிமிடம் என்றார்கள். குறிப்பு ஒன்றேதான். கண்ணுக்கு வந்த சிரமத்தை வேலையின் சிரமமாக மூளை கணக்கு வைத்துக்கொண்டது. சிறிய ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் 'தூளை வெந்நீரில் குழைத்துத் தேய்க்கவும்' என்பதை நெளிந்த எழுத்தில் போடாமல் இருக்க இது போதும்.

நான் சொல்ல விரும்பும் விஷயம் வேறு. 1970இல் ஹெர்மன் பௌமா என்ற டச்சு ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரையில் இருக்கிறது அது. கீழே ஒவ்வொரு வரியிலும் உள்ள கூட்டல் குறியை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணை நகர்த்தாதீர்கள்.

+          ன

+          ணனள

முதல் வரியில் னகரம் தெரிகிறது. இரண்டாவது வரியில் நடுவில் இருப்பதும் அதே னகரம்தான், அதே அளவுதான். ஆனால் ஏதோ சுழிகள் இருக்கின்றன என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடுவதில்லை. இதற்குக் காட்சி நெரிசல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எழுத்து மங்கலாகத் தெரிவதல்ல சிக்கல். ஒவ்வொரு கோடும் மூளைக்குப் போய்ச் சேருகிறது. எந்தக் கோடு எந்த எழுத்துக்கு என்று பிரிப்பதில்தான் குழப்பம். நடு எழுத்தை ஒரு கண்ணுக்கும் பக்கத்து எழுத்துகளை மறு கண்ணுக்கும் தனித்தனியே காட்டினாலும் நெரிசல் உண்டாகிறது. ஆகவே அது நடப்பது விழியில் அல்ல, இரு கண்ணின் செய்தியும் கலந்த பிறகு மூளையில்.

பௌமா கண்ட விதி எளிமையானது. பார்வையின் மையத்திலிருந்து எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் ஏறக்குறைய பாதி தூரத்துக்கு அதன் இருபுறமும் காலியாக இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் சரியாகுமா? ஆகாது. எழுத்தின் அளவு இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இடைவெளி மட்டும்தான் வருகிறது. இதைப் படித்த நாள் முதல் கடைப்பலகைகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

வாழை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். பொரியல், கூட்டு, பச்சடி ஒவ்வொன்றுக்கும் நடுவில் விரற்கடை இடம் இருந்தால் நாக்கு மூன்றையும் தனித்தனியே அறியும். நெருக்கி வைத்தால் ஏதோ காய் இருக்கிறது என்று தெரியும், எந்தக் காய் என்று தெரியாது. பெரிய கரண்டியால் அள்ளி வைத்தாலும் கலப்பது கலக்கத்தான் செய்யும். தள்ளி வைத்தால்தான் தீரும். கூட்டுக்குப் பக்கத்தில் அப்பளம் இருந்தால் தொந்தரவில்லை: நிறமும் தடிமனும் வேறான அண்டை எழுத்து குறைவாகவே நெரிக்கிறது. ரசத்துக்குப் பக்கத்தில் மோர் விட்டால் தப்பாது: ஒரே மாதிரியான அண்டைதான் மோசமாக நெரிக்கும். இலையின் ஓரத்தில் விட்ட பாயசம் உள்நோக்கி ஓடிவரும் அல்லவா? நெரிசலிலும் அப்படியே. மையத்துக்கு அருகிலுள்ள அண்டை எழுத்தைவிட வெளிப்பக்கத்து அண்டை எழுத்துதான் அதிகம் கெடுக்கிறது. இதையும் பௌமாவே கவனித்திருக்கிறார்.

இப்போது கடைக்கு வருவோம். கண்ணிலிருந்து 57 சென்டிமீட்டரில், அதாவது கை நீட்டும் தூரத்தில், 1 சென்டிமீட்டர் என்பது பார்வையில் 1 டிகிரி. வாடிக்கையாளர் பக்கத்துப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; உங்கள் தேன் புட்டி 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கிருந்தே உங்கள் லேபிளை அவர் படிக்க வேண்டுமானால் எழுத்துக்கு எழுத்து 5 சென்டிமீட்டர் தேவை. புட்டியே அவ்வளவு அகலம் இருக்காது. ஆகவே ஓரக்கண்ணில் யாரும் உங்கள் பெயரைப் படிப்பதில்லை. நிறமும் பெரிய வடிவமும் மட்டுமே அங்கே போய்ச் சேரும். எழுத்துருவின் வேலை, கண் திரும்பி வந்து நின்ற அந்தக் கணத்தில் தொடங்குகிறது.

அந்தக் கணத்திலும் நெரிசல் விடுவதில்லை. கைவினைப் பொருள் லேபிள்களில் பெயரைச் சுற்றிக் கொடியும் இலையும் மெல்லிய கோட்டில் ஓடும். எழுத்தும் அதே பழுப்பு மையில், அதே தடிமனில் இருக்கும். எழுத்தின் சுழிக்கும் கொடியின் சுழிக்கும் வித்தியாசம் தெரியாமல் மூளை திணறும். எழுத்துரு சரியில்லை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். குற்றம் கொடியில் இருக்கும். நம் எழுத்துக்கு இது கூடுதல் கேடு. ணகரத்துக்கும் னகரத்துக்கும், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், கி-க்கும் கீ-க்கும் ஒரு சுழியோ ஒரு கீற்றோதானே வேறுபாடு.

இந்தச் சிறு வேறுபாடுகளின் வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. தெ, தே என்று இன்று நாம் காட்டும் வேறுபாட்டைச் சுழியால் காட்டும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று சொல்வார்கள். இரட்டைக்கொம்பின் அந்த மேல்சுழி மட்டும் அடைபட்டால் தேன் 'தென்' ஆகிவிடும்.

அடைபடுமா என்றால், அடைபடும். சிறு தொழில் செய்பவர்கள் வாங்கும் ஸ்டிக்கர் பிரிண்டர்களில் பெரும்பாலானவை சூட்டால் அச்சிடுபவை, அங்குலத்துக்கு 203 புள்ளி போடுபவை. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 2 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 16 புள்ளிதான் கிடைக்கும். அதில் மேல்சுழிக்கு ஐந்தாறு புள்ளி ஒதுங்கினால், கோட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு போக, நடு ஓட்டைக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. பிரிண்டரின் சூடு கொஞ்சம் கூடினாலே அது மூடிக்கொள்ளும். கிராஃப்ட் பேப்பரில் மை அச்சிட்டாலும் இதே கதிதான். மை ஊறிப் பரவும், பழுப்பின் மேல் கறுப்பும் எடுப்பாக நிற்காது.

ஆகவே வாசகிக்கு என் பதில். பெயருக்கு ஓட்டைகள் அகலமாகத் திறந்திருக்கும் எழுத்துருவை எடுங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் அப்படிப்பட்டவை. பாலூ தம்பி குண்டாக, அழகாக இருக்கும். பெரிய அளவில் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொருள் பட்டியலுக்கு வேண்டாம். மூன்றும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, விற்பனைப் பொருளிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். டிடிபி கடையில் எழுத்தை மேலும் கீழும் இழுத்து நீட்டச் சம்மதிக்காதீர்கள். இடைவெளி நல்லது என்றேன் என்பதற்காக எழுத்துக்கு எழுத்து அளவுக்கு மீறிப் பிரிக்கவும் வேண்டாம். தமிழில் கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டு விலகித் தனியே நிற்கும். காலியிடம் வேண்டியது பெயரைச் சுற்றித்தான்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு லேபிளை உண்மையான அளவில், உண்மையான காகிதத்தில் எடுத்துப் புட்டியில் ஒட்டுங்கள். தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு, அவர் அலமாரியில் மற்ற புட்டிகளுக்கு நடுவே வையுங்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத ஒருவரை, முடிந்தால் வயதானவரை, கை நீட்டும் தூரத்தில் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் எழுத்துருவை மாற்றாதீர்கள். முதலில் கொடியை எடுத்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.