துணிச்சல் ரத்தத்திலா, வரப்பிலா?

இயற்கை வேளாண்மைப் பயிற்சி முடிந்து டீ குடிக்கிற நேரத்தில்தான் உண்மையான பேச்சு வெளியே வரும். "எல்லாம் சரிதாங்க, ஆனா அந்தத் துணிச்சல் நமக்கு இல்லீங்க. எங்க அப்பாவும் இப்படித்தான்" என்பார் ஒருவர். "அவங்க வம்சமே அப்படி. புதுசா எதையும் தொட மாட்டாங்க" என்று பக்கத்தில் நிற்பவர் முடித்துவைப்பார். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். மேடையிலோ, ரசாயனத்தை ஒரே நாளில் தூக்கியெறிந்தவரைத் துணிச்சல்காரர் என்று சால்வை போர்த்துகிறோம். அப்படியென்றால் எறியாதவர் யார்? கோழையா? இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்தாக வேண்டும். தயக்கம் பிறவிக் குணம் என்றால் நம் இயக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதை அளக்க ஆய்வாளர்கள் இரட்டையர்களைத் தேடிப் போகிறார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரண்டு கருவாக உருவானவர்கள் சாதாரண அண்ணன் தம்பி மாதிரி, சராசரியாகப் பாதி ஒற்றுமைதான். முதல் வகையினர் பண விஷயத்தில் ஒருவரைப்போல் ஒருவர் நடப்பது இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு அதிகம் என்று பார்த்தால் மரபணுவின் பங்கு ஓரளவு பிடிபடும். சுவீடனில் இப்படி இரட்டையர்களைச் சோதித்து 2009-இல் வந்த ஆய்வில், ரிஸ்க் எடுப்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு மரபணுவால் வருவது என்று தெரிந்தது. 2019-இல் பத்து லட்சம் பேருக்கும் மேல் மரபணுவை அலசிய இன்னொரு ஆய்வு வந்தது. எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். ரிஸ்க் எடுக்கும் குணத்தோடு தொடர்புள்ள 99 இடங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும் ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 2 சதவீதத்தைக்கூட அதைக் கொண்டு விளக்க முடியவில்லை. ஆக, துணிச்சல் மரபணு என்று தனியாக ஒன்று கிடையாது.

அந்த ஐந்தில் ஒரு பங்கையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரிச்சர்ட் லெவான்டின் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் 1970-இல் சொன்ன விளக்கம் உழவருக்காகவே சொன்னது போல இருக்கிறது. கலப்பான நாட்டு விதையில் இரண்டு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிடியைச் சத்தான மண் உள்ள பாத்தியிலும், இன்னொரு பிடியைச் சத்து செத்த பாத்தியிலும் விதையுங்கள். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் மண், தண்ணீர், வெயில் ஒரே சீர். அப்போது ஒரே பாத்திக்குள் ஒரு செடி உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் அதற்குக் காரணம் விதை மட்டும்தான். ஆனால் இந்தப் பாத்திக்கும் அந்தப் பாத்திக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் முழுக்க மண்ணால் வந்தது. சுவீடன் கணக்கு ஒரு பாத்திக்குள் எடுத்த கணக்கு. அதை வைத்துக்கொண்டு, வற்றாத கிணறு உள்ளவருக்கும் மானாவாரிக்காரருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ரத்தத்தின் தலையில் கட்ட முடியாது.

நம் நாட்டு உழவர்களை வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் இருக்கிற இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் தொடர்ந்து கவனித்துவந்த மானாவாரிக் கிராமங்களில், ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளியலாளர் நிஜப் பணம் வைத்துப் பூவா தலையா விளையாட வைத்தார். முடிவுகள் 1980-இல் வெளிவந்தன. ஒரு தேர்வில் எது விழுந்தாலும் 50 ரூபாய். இன்னொன்றில் 40 அல்லது 120. மற்றொன்றில் 30 அல்லது 150. கடைசித் தேர்வில் ஒன்றுமே இல்லை, அல்லது 200. அந்தக் காலத்தில் 200 ரூபாய் ஒரு கூலிக்காரர் மாதம் முழுக்க உழைத்தாலும் பார்க்காத பணம். 50 பைசா அளவில் விளையாடியபோது ஆளுக்கொரு மாதிரி இருந்தார்கள். தொகை ஏற ஏற, மிகப் பெரும்பாலோர் நடுவாந்தரத் தேர்வுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். நிலமும் பணமும் நிறைய உள்ளவர், இல்லாதவர் என்று சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மனசு ஏறக்குறைய ஒன்றுதான். வயலில் ஒருவர் புதியதைச் செய்கிறார், இன்னொருவர் செய்வதில்லை என்றால் கடன் கிடைப்பது, சந்தை கிடைப்பது போன்றவற்றில்தான் காரணம் தேட வேண்டும் என்றார் பின்ஸ்வாங்கர்.

இன்னும் நெருங்கி வருவோம். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களில் 464 கரும்பு உழவர்களை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது, 2013-இல் வெளியான ஓர் ஆய்வு. கரும்புக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் காசு. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக் கடையில் இருக்கும், கடன் கழுத்தைப் பிடிக்கும். படப் புதிர், கவனச் சோதனை இரண்டிலும் அறுவடைக்கு முன் அதே உழவர் திணறினார், பின்னால் நன்றாகச் செய்தார். ஆள் அதே ஆள், ரத்தம் அதே ரத்தம். கைச்செலவுக்குக் காசு இருக்கிறதா இல்லையா என்பதுதான் மாறியது. "வர்ற பட்டத்துல யூரியாவ விட்டுடுங்க" என்று நாம் அவரிடம் எந்த மாதத்தில் போய்க் கேட்கிறோம்?

தயக்கத்தைக் கணக்காகப் படித்துப் பாருங்கள், அது கோழைத்தனமாகத் தெரியாது. குத்தகைக்காரர் மூன்று வருஷம் பசுந்தாளும் தொழுவுரமும் போட்டு மண்ணை உயிர்ப்பித்தால், நாலாவது வருஷம் நிலக்காரர் "நானே பண்ணிக்கிறேன்" என்று கேட்டுவிடலாம். உரக்கடையில் விதையும் உரமும் கடனுக்குக் கொடுப்பார்கள், பஞ்சகவ்யத்துக்கு யாரும் கடன் தருவதில்லை. முதல் பருவத்தில் விளைச்சல் இறங்கினால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நிற்கும். பத்து ஏக்கரும் வெளியூர்ச் சம்பளமும் உள்ளவர் ஓர் ஏக்கரில் தோற்றால் அது அனுபவம். ஒன்றரை ஏக்கர்காரருக்கு அதுதான் அந்த வருஷத்துச் சோறு.

நட்டத்தைத் தாங்க ஒரு கை இருந்தால் இதே ஆட்கள் மாறுகிறார்களா? ஆப்பிரிக்காவின் கானா நாட்டு வடபகுதியில் சில உழவர்களுக்கு மழைக் காப்பீடும் சிலருக்குப் பணமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்த முடிவில், காப்பீடு கிடைத்தவர்கள்தான் சாகுபடிக்குக் கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள். அந்தச் செலவில் ரசாயனமும் இருந்தது, அதைக் கொண்டாட நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் செலவுக்கான காசை அவர்களே எப்படியோ புரட்டினார்கள் என்பது கவனிக்க வேண்டியது. அவர்களைத் தடுத்தது மழை பொய்த்தால் என்ன செய்வது என்ற கவலை.

பெண்கள் விஷயத்திலும் "பயந்த சுபாவம்" என்ற பேச்சு உண்டு. தாய்வழிச் சொத்துரிமை உள்ள மேகாலயாவின் காசி மக்களிடமும், ஆண் ஆதிக்கம் மிகுந்த தான்சானியாவின் மாசாய் மக்களிடமும் ஒரே விளையாட்டை வைத்தார்கள். பந்தை வாளிக்குள் எறிய வேண்டும். விழுந்த பந்துக்கு மட்டும் காசு வாங்கலாம், அல்லது இன்னொருவரோடு போட்டியிட்டு வென்றால் மூன்று மடங்கு வாங்கலாம். மாசாய்களில் போட்டியைத் தேர்ந்தவர்கள் ஆண்களில் பாதிப்பேர், பெண்களில் கால்வாசிப்பேர். காசிகளில் பெண்கள் 54 சதவீதம், ஆண்கள் 39. நம் ஊரில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சுபாவத்தைப் பற்றிப் பேசலாம்.

யாரைப் பார்த்து மாறுகிறார்கள் என்பதும் முக்கியம். கானாவின் தெற்கே அன்னாசி உழவர்களைக் கவனித்தபோது, வரப்பை ஒட்டியிருப்பவரைவிட, தாங்கள் பேசிப் பழகுபவர்களையும், அதிலும் அனுபவசாலிகளையும், தங்களைப் போன்ற வசதி உள்ளவர்களையும் பார்த்தே உர அளவை மாற்றிக்கொண்டது தெரிந்தது. நாம் மாதிரிப் பண்ணை என்று பேருந்து பிடித்து எங்கே கூட்டிப் போகிறோம்? கம்பி வேலி, சொட்டுநீர், சம்பளத்துக்கு ஆள் என்று இருக்கும் தோட்டத்துக்கு. பார்த்தவர் "அவருக்கென்னங்க, பண்ணுவாரு" என்று திரும்பி வருகிறார். அவர் சொல்வது சரிதான். அதே ஊரில் ஒன்றரை ஏக்கரில் சீரகச்சம்பா போட்டவரின் களத்துமேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம்.

நட்டத்தைப் பகிர்வது நமக்குப் புதிதில்லை. நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ மரபு நெல் விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தார். கையில் காசு வேண்டியதில்லை, விளைந்த பிறகு நெல்லாகவே தீர்த்துவிடலாம். அதனால் சின்ன உழவரும் கால் குழியிலாவது போட்டுப் பார்த்தார்.

அதை இன்னும் ஓரடி நகர்த்தலாம். குழுவில் புதிதாக மாறுபவர் அரை ஏக்கரில் மட்டும் தொடங்கட்டும். முதல் இரண்டு பருவங்களில் விளைச்சல் குறைந்தால், குறைந்த மூட்டைகளில் பாதியைக் குழு நெல்லாகவே ஈடுகட்டலாம். நம்மிடம் அரிசி வாங்கும் நகரத்துக் குடும்பங்களையும் விதைப்பு நேரத்திலேயே ஒரு தொகை போடச் சொல்லலாம். எத்தனை மூட்டை குறைந்தது என்று எப்படி அளப்பது, பக்கத்து வயலை வைத்தா, அவருடைய சொந்த மூன்று வருஷச் சராசரியை வைத்தா என்பதில் சண்டை வரும். சொந்தச் சராசரிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது, பக்கத்து வயலின் மண் வேறு, தண்ணீர் வேறு. அறுவடை முடிந்து அடகு நகை வீட்டுக்கு வந்த பிறகு, பெண்களையும் உட்காரவைத்து இதைப் பேச ஒரு நாள் குறியுங்கள்.