சிறுநீரகத்தின் மேலே ஒரு மடைக்காவல்

கந்தளாய்க் குளத்து நீரை நம்பி விளையும் தம்பலகாமத்து வயல்களில், மடையைத் திறந்தால் நீர் பாயும், அடைத்தால் நிற்கும். மனிதர், ஆடு, மாடு அனைத்தின் உடம்பிலும் இத்தகைய மடைக்காவல் ஒன்றை இறைவன் அமைத்துள்ளான். சிறுநீரகங்களின் மேலே தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளே அவை. மனிதரில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடைதான்.

நமது சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. வெளியேறுவதோ ஒன்றிரண்டு லீற்றர். மிகுதி இரத்தத்துக்கே திரும்புகிறது. இவ்வேலையில் அதிரீனல் சுரக்கும் அல்டொஸ்தரோன் என்ற ஓமோனுக்குப் பெரும் பங்குண்டு. அது உப்பை வெளியேற விடாது தடுக்கும். உப்போடு நீரும் தங்கும். 1953இல் இதைப் பிரித்தெடுத்தவர்களுள் சில்வியா சிம்ப்சன் என்ற பெண்மணியும் ஒருவர்.

அவுஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைப் புல்லில் உப்புச்சத்து மிகக் குறைவு. 1960களில் அங்குள்ள முயல்களை ஆராய்ந்தபோது, இந்த ஓமோனைச் சுரக்கும் பகுதி பருத்திருந்தது. சிறுநீரில் சோடியம் ஏறக்குறைய இல்லை. கிடைத்த உப்பை உடல் அப்படிக் காத்திருக்கிறது!

சுரப்பி பழுதானால் உப்பும் நீரும் கழிந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உடல் துவளும். இந்நோயை 1855இல் தோமஸ் அடிசன் விவரித்தார். நாய்களுக்கும் இது வருவதுண்டு. மாறாக, கோட்டிசோல் என்ற மற்றோர் அதிரீனல் ஓமோன் மிகுந்த நாய்கள் ஓயாது நீர் குடித்து, ஓயாது சிறுநீர் கழிக்கும். நீரைத் தேக்கும் வேறொரு ஓமோனின் வேலையைக் கோட்டிசோல் கெடுப்பதே காரணம். ஆக, குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

சகோதரிகளே, இது நம் வீட்டு விடயமுமாகும். ஆஸ்துமா, மூட்டுவாதம் முதலியவற்றுக்குத் தரப்படும் பிரெட்னிசொலோன் மாத்திரை கோட்டிசோலின் வேலையைச் செய்வது. வாரக்கணக்கில் தொடர்ந்து உட்கொண்டால் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். "முகம் ஊதுகிறது", "சுகமாகிவிட்டது" என்று அதைத் திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், கடும் சோர்வு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் மூலம் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

றமழான் வருமுன்பே வைத்தியரிடம் கேளுங்கள். நோன்பிருக்கலாமா, மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை அவர் சொல்லட்டும். நோயாளிக்கு விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளித்திருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பதில் வெட்கமில்லை. உடம்பும் அமானிதமே!