துக்கம் விசாரித்தவர்கள் – 14: ரோஷம் கொண்ட மூவர்

ஊத்ஸ் தேசத்து யோபு பத்துப் பிள்ளைகளையும் மந்தைகளையும் இழந்து, உடலெங்கும் புண்ணாகி, ஓட்டுச் சில்லால் சுரண்டியபடி சாம்பலில் உட்கார்ந்ததும், எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர்கள் தேடி வந்ததும் சென்ற வாரமே கூறப்பட்டன. தேற்ற வந்தவர்கள் குற்றம் சாட்டுபவர்களாக மாறியது எதனால் என்பதே இவ்வாரக் கேள்வி.

ஆயினும், அவர்கள் வாய் திறவாது யோபுவோடு தரையில் அமர்ந்திருந்த அந்த ஏழு பகலையும் ஏழு இரவையும் எளிதில் கடந்துவிட இயலாது. யூதர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்துத் தரும் பாபிலோனியத் தல்மூதில், துக்க காலச் சட்டங்களையும் பேசும் ‘மோயேத் கத்தான்’ என்ற பகுதி உண்டு. நண்பர்கள் மௌனமாயிருந்தனர், பிறகு யோபு பேசினார், அதன் பின்னரே எலிப்பாஸ் மறுமொழி கூறினார் என்னும் வரிசையைக் கண்ட யோகனான் என்ற ரபி, அதாவது சமயச் சட்டம் கற்ற ஆசான், துக்கத்தில் இருப்பவர் பேச்சைத் தொடங்கும்வரை தேற்ற வந்தவர் ஒரு சொல்லும் பேசலாகாது என்ற விதியை அதிலிருந்தே எடுக்கிறார். அடக்கத்திற்குப் பின் நெருங்கிய உறவினர் ஏழு நாள் வீட்டிலேயே துக்கம் காக்கும் ‘ஷிவா’ என்ற வழக்கத்தில், தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பவரின் எதிரே வந்தவர்கள் பேசாமல் காத்திருக்கும் முறை இன்றும் மதிக்கப்படுகிறது. இதனினும் வியப்பானது, அதே தல்மூதின் ‘பாவா மெட்சியா’ பகுதி, துன்பத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசக்கூடாது என்பதற்கும் இதே மூவரையே எடுத்துக்காட்டுவதாகும். துக்கம் விசாரிக்கும் முறைக்கு இலக்கணமாகவும் அதன் மீறலுக்குச் சான்றாகவும் ஒரே நண்பர்கள் நிற்பது இத்தொடரில் இதுவரை காணாத ஒன்று.

துன்பம் என்பது பாவத்தின் சம்பளம் என்ற கொள்கையே அவர்களைக் கெடுத்தது என்பது வழக்கமான விளக்கம். அது முழு விளக்கமாகாது. ஏனெனில் அக்கொள்கை எலிப்பாசின் முதல் உரையிலேயே இருந்தும், தளர்ந்த பலரைத் தாங்கியவர் யோபு என்பதை நினைவூட்டித்தான் அவர் பேசத் தொடங்குகிறார். அதற்கு விடையாக யோபு, வெயிற்காலத்தில் வற்றிப்போய் வழிப்போக்கரை ஏமாற்றும் பாலைவன ஓடைகளுக்கு நண்பர்களை ஒப்பிட்டுவிடுகிறார். அடுத்து வாய் திறக்கும் பில்தாத், யோபுவின் சொற்களை வெறுங்காற்று என்று தள்ளியதோடு, இறந்த பிள்ளைகள் தம் பாவத்தாலேயே மாண்டிருக்கலாம் என்றும் கூறிவிடுகிறார். இரண்டாம் சுற்றில், தங்கள் பக்கம் யோபுவின் தந்தையினும் மூத்த நரைத்தலையர் உண்டு என்கிறார் எலிப்பாஸ். தாங்கள் மிருகங்களாக எண்ணப்படுவதாகக் கொதிக்கிறார் பில்தாத். தம்மை அவமதிக்கும் கண்டனத்தைக் கேட்க நேர்ந்ததால் பேசியே தீரவேண்டியிருக்கிறது என்கிறார் சோப்பார். எதிரே உள்ளவரின் புண்ணைப் பற்றிய பேச்சே இல்லை. அவரவர் மனத்தின் புண்ணே பேசுகிறது. வலியில் துடிப்பவனின் கடுஞ்சொல்லை வலியின் குரலாகக் கேளாமல் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கேட்ட இடத்தில்தான் நட்பு முறிந்தது.

மூன்றாம் சுற்றில், யோபு ஏழைகளின் உடையைப் பறித்ததாகவும், தாகித்தவனுக்குத் தண்ணீர் மறுத்ததாகவும், விதவைகளை வெறுங்கையோடு அனுப்பியதாகவும் எலிப்பாஸ் அடுக்குகிறார். நூலின் தொடக்கமே யோபுவை உத்தமன் என்று கூறியிருப்பதால், இவை தன்மானம் காக்கப் புனைந்த பழிகள் என்பதில் ஐயமில்லை. அதன்பின் பில்தாதின் பேச்சு ஆறே வசனங்களில் முடிகிறது; சோப்பார் பேசவே இல்லை. மூலப்பகுதிகள் இடம் மாறியிருக்கலாம் எனச் சில ஆய்வாளர்கள் கருதினாலும், இப்போதுள்ள வடிவம் சொல்லற்றுப்போன மூவரையே காட்டுகிறது.

இளைஞன் எலிகூவையும் இவ்வாரமே பார்ப்பதாக இருந்தது. 32ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களுக்குள் அவனுடைய கோபம் நான்கு முறை குறிக்கப்படுகிறது. பெரியவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தவனின் ரோஷம் தனி வகையானது என்பதால், அது அடுத்த வாரத்திற்கு உரியது.