தாயின் பழைய காயம் பிள்ளையைத் தொடுவது ஏன்?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பல, முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைகளில் கட்டுண்டு கிடந்தவை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்தும், பிறகு பிறந்த பிள்ளைகள் பலர் சூளையில்தான் வளர்ந்தார்கள். பள்ளி எட்டவில்லை, வசவும் அடியும் போலீஸ் பயமும் எட்டின. அப்படி வளர்ந்த சிறுமி தாயாகும்போது என்ன ஆகிறது?

ஆபத்து வந்தால் உடலில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் சுரக்கும், விலகினால் குறையும். பயமே அன்றாடம் என்றால், பூனை ஓடினாலும் அலறும் திருட்டு அலாரம்போல இந்தச் சுரப்பு அமைப்பு பழுதாகலாம். பின்னாளில் குழந்தை வீறிட்டு அழுதால் சிலருக்குப் பதற்றம் தலைக்கேறும், சிலர் மரத்துப்போவார்கள். மனச்சோர்வும் சேர்ந்தால் குளிப்பாட்டுவது, கொஞ்சுவதுகூட மலைப்பாகிவிடும்.

இது தலைவிதியா? இல்லை. கொடுமைப்பட்டு வளர்ந்தும் பிள்ளைகளை நன்றாக வளர்த்த தாய்மாரை அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வு 1988-ல் ஆராய்ந்தது. சிறுவயதில் அன்பு காட்டிய ஒரு பெரியவர், மனநலச் சிகிச்சை, ஆதரவான துணை ஆகியவை அவர்களுக்கு வாய்த்திருந்தன.

இன்னொன்று: விடியுமுன் சூளைக்குப் போகும் தாய் பிள்ளையைத் தனியே விடுவது வறுமை, அலட்சியமன்று. ஆகவே, திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னெடுத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் போராடுவதும் குழந்தை நலப் பணிதான்.

தாயைக் குற்றம் சொல்லுமுன் துணை நில்லுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098-ஐ அழையுங்கள். தாயின் மனநல உதவிக்கு 14416-ஐ அழையுங்கள்.