உம்மாவை வைத்துச் சோதனை செய்கிறார்களா? புற்றுநோய் பக்கவிளைவு ஆய்வுகள் பற்றி ஒரு விளக்கம்

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் கையில் ஏழெட்டுத் தாள்களுடன் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி ஆரம்பிக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி இதுல கையெழுத்துக் கேக்குறாங்க. உம்மாவ வச்சு சோதனை பண்ணப் பாக்குறாங்க போல. மார்க்கத்துல இதுக்கு அனுமதி இருக்கா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உம்மாவுக்கு என்ன நோய்னு இன்னும் சொல்லல" என்றார்.

தாள்களை வாங்கிப் படித்தோம். அது புற்றுநோயை அழிக்கும் புது மருந்துக்கான ஆய்வு அல்ல. கீமோவினால் வரும் குமட்டலைத் தடுக்க ஏற்கெனவே கொடுக்கப்பட்டு வரும் மாத்திரையின் அளவைக் குறைத்தாலும் அதே பலன் கிடைக்குமா என்று பார்க்கும் ஆய்வு. நோயைக் குணப்படுத்த ஆய்வுகள் நடப்பதுபோல, சிகிச்சையைத் தாங்கிக்கொள்ளும் நாட்களை இலகுவாக்கவும் ஆய்வுகள் நடக்கின்றன. வாந்தி, வாய்ப்புண், முடி உதிர்தல், கை கால் மரத்துப்போதல், தீராத அசதி ஆகியவை இவற்றின் பொருள்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒலான்சபைன் என்பது மனநோய்க்கான மாத்திரை. கீமோ குமட்டலை அது நன்றாகத் தடுக்கிறது என்று 2016இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் 10 மி.கி. சாப்பிட்டவர்கள் பகலெல்லாம் தூங்கி வழிந்தார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 275 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு 10 மி.கி., மறு பிரிவுக்கு வெறும் 2.5 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2024இல் வெளியானது. முழுமையான பலன் கண்டவர்கள் குறைந்த அளவில் 45 சதவீதம், கூடிய அளவில் 44 சதவீதம். முதல் நாளில் கடுமையான தூக்கக் கலக்கமோ 40 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. லுஹரும் அஸரும் தூக்கத்திலேயே போய்விடுகிறதே என்று அழும் நோயாளிக்கு இது சின்ன விஷயமா?

"சும்மா சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. இத்தகைய ஆய்வுகளில் புற்றுநோய்க்கான சிகிச்சை இரு பிரிவினருக்கும் தொடர்கிறது. நாம் சொன்ன அமெரிக்க ஆய்விலும், வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகள் நிறுத்தப்படவில்லை. யார் எந்தப் பிரிவு என்பதைக் கணினி குலுக்கித் தேர்ந்தெடுக்கும். குலுக்கல் என்றதும் சூதாட்டம் நினைவுக்கு வர வேண்டியதில்லை. பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று நபி (ஸல்) அவர்கள் சீட்டுக் குலுக்கியது ஹதீஸ்களில் இருக்கிறது. பாரபட்சம் வராமல் இருக்கத்தான் அங்கும் குலுக்கல், இங்கும் குலுக்கல்.

தேனைப் பற்றி நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டும். அன்னஹ்ல் அத்தியாயத்தில் அதில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக அல்லாஹ் கூறுகிறான். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. தலை, கழுத்துப் பகுதிக்கு ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கக்கூட முடியாமல் போகும். மலேசியாவின் கிளந்தானில் 40 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2003இல் வெளியானது. ரேடியேஷனுக்கு முன்னும் பின்னும் வாயில் தேன் தடவியவர்களில் 20 சதவீதம் பேருக்கே கடும் புண் வந்தது. தடவாதவர்களில் 75 சதவீதம். சந்தோஷமான செய்திதான். ஆனால் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 131 பேரிடம் இன்னும் கண்டிப்பான முறையில், மனூகா தேனையும் தேன் போலவே இருக்கும் சர்க்கரைப் பாகையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவின்படி, புண்ணைக் குறைப்பதில் தேன் பாகைவிட மேலானதாக இல்லை.

இதைப் படித்து ஈமான் ஆட்டம் காண வேண்டியதில்லை. எந்தப் புண்ணுக்கு, எந்தத் தேன், எவ்வளவு என்று குர்ஆன் மருந்துச் சீட்டு எழுதவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது மனிதர்களிடம் விடப்பட்டிருக்கிறது. முதல் ஆய்வை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இரண்டாவதை மறைப்பதுதான் தவறு. தேன், கருஞ்சீரகம் எது கொடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சைத் தேன்கூட வேண்டாம் என்று அவர்கள் சொல்வதுண்டு. ஆய்வில் சேர்ந்தவர் மறைத்துச் சாப்பிட்டால் அந்த ஆய்வின் கணக்கும் பிசகிப்போகும். அது ஒரு வகையில் அமானித மோசடிதான்.

இந்த ஆய்வுகளில் வாழ்க்கைத் தரத்தை எப்படி அளக்கிறார்கள்? நோயாளியிடமே கேட்டு. ஐரோப்பிய ஆய்வு அமைப்பு ஒன்று தயாரித்த, பரவலாகப் பயன்படும் படிவத்தில் 30 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் வலி இருந்ததா, தூக்கம் வந்ததா, கவலையாக இருந்ததா என்று கேட்டு, இல்லவே இல்லை என்பதிலிருந்து மிக அதிகம் வரை குறிக்கச் சொல்வார்கள்.

இங்கேதான் நம் தாய்மார்கள் தடுமாறுகிறார்கள். எதைக் கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்பார்கள். அல்லாஹ்வைப் புகழ்வது சரி. வலியை மறைப்பது ஸப்ரு அல்ல. நோயாளி தன் வலியை வெளியே சொல்லலாம் என்பதற்கு இமாம் புகாரி தனிப் பாடமே வைத்து, அதன் தலைப்பில் அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டதையும் சேர்த்திருக்கிறார். நபி (ஸல்) அவர்கள் தம் தலைவலியை வாய்விட்டுச் சொன்ன ஹதீஸும் அந்தப் பாடத்தில்தான் வருகிறது.

வலியைச் சொல்வதில் உலக லாபமும் உண்டு. நியூயார்க்கில் உள்ள ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், நோய் பரவிய நிலையில் இருந்த 766 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளைக் கணினி வழியாக அவ்வப்போது தெரிவித்தார்கள். உபாதை கூடினால் செவிலியருக்குத் தகவல் போகும். மறு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் வெளியான முடிவில், தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம். ஆயுள் அல்லாஹ்வின் கையில்; காரணங்களைத் தேடுவது நம் கடமை.

இனி கையெழுத்து. இந்தியாவில் மருத்துவ ஆய்வுகள் தொடங்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். அந்தப் பதிவு எண்ணையும், நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்ததா என்பதையும் கேளுங்கள். ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சை, இழப்பீடு யார் பொறுப்பு என்று தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். மாத்திரை உறையில் ஜெலட்டின் உண்டா என்று கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது.

ஆனால் சுயநினைவோடு இருக்கும் நோயாளிக்குப் பதிலாக மகனோ கணவரோ சம்மதம் தர முடியாது. படிக்கத் தெரியாதவருக்கும் சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்டி, அவருடைய கைநாட்டையே வாங்க வேண்டும். ஆகவே, "ஆய்வில் சேர்வது ஆகுமானதுதான். ஆனா நோய் என்னன்னு தெரியாத உம்மாகிட்ட எப்படிக் கையெழுத்து வாங்குவீங்க?" என்று அந்தச் சகோதரரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் தாள்களை மடித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஜும்ஆவில் அவரே தேடி வந்தார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது உம்மா அழவில்லையாம். "பத்து நாளா என் முகத்தப் பாக்காமப் பேசுறியே, அப்பவே தெரியும்" என்றாராம். பேத்தியை விட்டு எல்லாப் பக்கங்களையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மருத்துவரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: ராத்திரி அந்த மாத்திரையைப் போட்டால் ஃபஜ்ருக்கு எழுந்திருக்க முடியுமா? அதைத்தான் நாங்களும் பார்க்கப் போகிறோம் என்றாராம் மருத்துவர். உம்மா பேனாவைக் கேட்டு வாங்கினாராம்.