சூளைப் புகையும் அழுத்த அறையும்

விருத்தாசலத்தில் பீங்கான் சுடுகிறவர்களுக்கு ஆக்சிஜனின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால் எரிபொருள் முழுசாக எரியும். காற்று குறைந்தால் தீ மங்கிப் புகை கக்கும்; கூடவே கார்பன் மோனாக்சைடு உண்டாகும். கலைப் பீங்கான் செய்பவர்கள் வேண்டுமென்றே காற்றைக் குறைப்பதும் உண்டு. அப்போது இந்த வாயு, மெருகுப் பூச்சில் உள்ள உலோக ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இரும்பு கலந்த பூச்சு இளம்பச்சையாகும். செம்பு கலந்த பூச்சு சிவக்கும்.

மனித ரத்தத்தில் இதே வாயுவின் வேலை வேறு. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்பு அதற்கு. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும். சூளையடியில் நிற்பவர் அனல் தாங்காமல்தான் இப்படி இருக்கிறது, காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அங்கேயே இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் நினைவு தப்பலாம்.

இந்த நஞ்சுக்குத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்றுதான் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. அதன் அடிப்படை எளிது. நூறு மில்லி ரத்தத்தில் சுமார் 20 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாமே ஹீமோகுளோபினில்தான். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லி. ஆனால் அழுத்தம் கூடக்கூடத் திரவத்தில் வாயு அதிகமாகக் கரையும். சோடா பாட்டிலுக்குள் நடப்பதும் இதுதான். மூன்று வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால், நீர்ப்பகுதியில் மட்டுமே 6 மில்லி வரை கரைந்துவிடும். ஓய்வாகப் படுத்திருக்கும் உடலின் திசுக்களுக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஹீமோகுளோபின் செயலிழந்து கிடந்தாலும் மூளைக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்ந்துவிடும்.

இதை 1895-லேயே ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஹால்டேன் எலிகளை வைத்துக் காட்டினார். அதைவிடத் துணிச்சலானது ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் பூரேமா செய்த சோதனை. பன்றிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் அநேகமாக இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்து, அழுத்த அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்திருந்தார். அந்தச் சோதனை பற்றிய கட்டுரை 1960-இல் வெளியானது. நவீன அழுத்த மருத்துவம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

அறை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒருவர் மட்டும் நீட்டிப் படுக்கும் கண்ணாடி போன்ற உருளையாகவும் இருக்கும்; பலர் உட்கார்ந்து முகமூடி வழியே ஆக்சிஜன் சுவாசிக்கும் எஃகு அறையாகவும் இருக்கும். கதவை மூடி அழுத்தம் ஏற்றும்போது உள்ளே சற்றுச் சூடாகும், காது அடைக்கும். எச்சில் விழுங்கச் சொல்வார்கள். ஆறாத புண்ணுக்கு என்றால் பெரும்பாலும் 2 முதல் 2.5 வளிமண்டல அழுத்தம், ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம். உள்ளே போகுமுன் பருத்தித் துணிக்கு மாற வேண்டும். செல்போன் கூடாது, வாசனைத் திரவியம் கூடாது, தலையில் தேங்காய் எண்ணெய்கூட இருக்கக் கூடாது. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் சின்னப் பொறியும் பெருந்தீயாகும். 1997-இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் அழுத்த அறை தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள்.

ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலே வருகிறவர்களின் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும். மூட்டுகள் முறுக்கும், சிலருக்குக் கால் செயலிழக்கும். அதற்கு முதன்மையான சிகிச்சையே இந்த அறைதான். மன்னார் வளைகுடாவில் கம்ப்ரசர் குழாயைக் கடித்தபடி சங்கு எடுக்க இறங்குபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. வாயு அழுகல் என்னும் கொடிய தொற்றுக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சையால் சிதைந்த தாடை எலும்புக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஊர்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றியது. 2010-இல் வெளியான சுவீடன் ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓராண்டில் புண் ஆறியது. பெறாதவர்களில் 29 சதவீதம். 2018-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. புண்ணைச் சுத்தம் செய்வது, காலுக்கு ரத்தம் ஓட வழி செய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு அறைக்குள் மட்டும் போய்ப் படுப்பது வீண்செலவு. ஆட்டிசம் குணமாகும், இளமை திரும்பும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மறுபடி சூளைக்கு வருவோம். அழுத்த அறை உள்ள சென்னை மருத்துவமனைகள் விருத்தாசலத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டியில் நாலு மணி நேரமாவது ஆகும். ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய, சாதாரணக் காற்றில் நாலைந்து மணி நேரம் பிடிக்கும். முகத்தில் இறுக்கமாகப் பொருத்திய முகமூடியில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் 80 நிமிடம். மூன்று வளிமண்டல அழுத்தத்தில் 23 நிமிடம். அதாவது வழி நெடுகிலும் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே போனால், சென்னை போய்ச் சேரும்போது எட்டில் ஒரு பங்கு நஞ்சுதான் மிஞ்சும். வெறுமனே காரில் ஏற்றிப் போனால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். உள்ளூர் அரசு மருத்துவமனையின் ஆக்சிஜன் சிலிண்டர்தான் முதல் மருந்து. நினைவு தப்பியவர்களையும் கர்ப்பிணிகளையும் அழுத்த அறைக்கு அனுப்பலாமா என்று மருத்துவர் அதன் பிறகு முடிவு செய்வார். 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று, இந்தச் சிகிச்சையால் ஞாபக மறதி போன்ற பின்விளைவுகள் குறைவதாகச் சொன்னது. அதற்கு முன் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு பலனில்லை என்றது. விவாதம் முடியவில்லை.

ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர் கட்டாயம் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆள் மயங்கிக் கிடக்கையில் அது 98 காட்டும். சூளைப் பக்கம் விழுந்து கிடந்தார் என்று வாய்விட்டுச் சொன்னால்தான், அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு ரத்தத்தை எடுத்துச் சோதிக்க மருத்துவருக்குத் தோன்றும்.